முதல் இரண்டு எழுத்து

ஒரு சின்னப் பரிசோதனை. உங்கள் கம்ப்யூட்டரில் ஏதாவது ஒரு வேர்டு ஃபைல் இருக்கும். ரொம்பப் பழையது வேண்டாம். பெயர் ‘டாக்எக்ஸ்’ என்று முடிகிற ரகம். அதை வேர்டில் திறக்காமல் நோட்பேடில் திறந்து பாருங்கள். எதையும் சேமிக்காமல் மூடிவிட்டால் ஃபைலுக்கு ஒரு சேதமும் வராது.

திரை முழுக்கப் புரியாத கிறுக்கல் ஓடும். ஆனால் ஆரம்பத்தில், முதல் இரண்டு எழுத்து மட்டும் பளிச்சென்று ஆங்கிலத்தில் இருக்கும். பி. அடுத்தது கே.

எக்ஸெல் ஷீட்டைத் திறந்தாலும் பி.கே.தான். பவர்பாயிண்ட்? அதே. ஆண்ட்ராய்ட் போனில் ஏற்றுகிற ஆப் ஃபைல்? ஈபப் மின்புத்தகம்? எல்லாவற்றுக்கும் தலையெழுத்து ஒன்றுதான். காரணம், இவை எல்லாமே வேஷம் மாற்றிய ஸிப் மூட்டைகள். ஒரு வேர்டு ஃபைல் என்பது பார்க்க ஒன்று. உள்ளே எழுத்து தனி, படம் தனி, அலங்காரம் தனி என்று பல ஃபைல்கள். எல்லாவற்றையும் சுருக்கி, கட்டி, மேலே ஒரு லேபிள் ஒட்டியிருக்கிறார்கள்.

சரி, ஸிப் என்றால் பி.கே. எதற்கு? யார் அந்த பி.கே.?

சொல்கிறேன். அதற்கு முன்னால் இன்னொரு விஷயம்.

வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள். சம்பளச் சீட்டு, ஆதார் நகல், டிகிரி சர்டிஃபிகேட், ஆளுக்கொரு ஃபைலாக இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக அனுப்பச் சொல்கிறார்கள். ஏதோ ஒரு வெப்சைட்டைத் திறந்து, ஃபைல்களை இழுத்துப் போடுகிறீர்கள். பட்டனை அமுக்கினால் ஒரு ஸிப் ஃபைல் வந்து விழுகிறது. நாம் என்ன நினைப்போம்? நம்முடைய காகிதமெல்லாம் எங்கோ இருக்கிற ஒரு சர்வருக்குப் போய், அங்கே கட்டப்பட்டு, திரும்பி வருகிறது என்று. ஒரு காலத்தில் அப்படித்தான். இன்றைக்கும் சில இடங்களில் அப்படித்தான். ஆனால் பல தளங்களில் உங்கள் ஆதார் நகல் வீட்டு வாசலைக்கூடத் தாண்டுவதில்லை. மூட்டை கட்டும் வேலை முழுவதும் உங்கள் பிரவுஸருக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. சந்தேகமாக இருந்தால் பக்கம் திறந்தபிறகு நெட்டைத் துண்டித்துவிட்டுப் பட்டனை அமுக்குங்கள். அப்போதும் ஸிப் வந்தால் வேலை நடந்தது உள்ளூரில்.

இப்போது கேள்வி. பிரவுஸருக்கு ஸிப் கட்ட யார் உரிமை கொடுத்தார்கள்? அதற்கு யாருக்காவது ராயல்டி போகிறதா? ஸிப் போலவே பிரபலமான ரார் மூட்டையை மட்டும் ஏன் இப்படித் தளங்கள் இஷ்டத்துக்குக் கட்டித் தருவதில்லை?

பதில், 37 வயதில் செத்துப்போன ஒரு மனிதரிடம் இருக்கிறது. ஃபில் காட்ஸ். பி.கே. என்பது அவருடைய இனிஷியல்.

*

1962ம் வருஷம் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் பிறந்தவர். அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படித்தார். வேலைக்குப் போனார். அதிகம் பேசாத ஆசாமி. அலுவலகம் முடிந்து வீட்டுக்கு வந்தால் மறுபடி கம்ப்யூட்டர்தான்.

அப்போது இன்றைய இண்டர்நெட் கிடையாது. எண்பதுகளில் அமெரிக்கக் கம்ப்யூட்டர் பைத்தியங்களுக்குப் புல்லட்டின் போர்டுகள்தான் கோவில் குளம் எல்லாம். யாரோ ஒருவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போன் லைனில் மாட்டி வைத்திருப்பார். மற்றவர்கள் மோடம் மூலம் போன் போட்டு ஃபைல்களை இறக்கிக்கொள்வார்கள். வேகம்? நொடிக்கு 2400 பிட் என்பது அன்றைக்கு நல்ல வேகம். 360 கேபி பிடிக்கிற ஒரு ஃபிளாப்பி டிஸ்க்கை முழுசாக இறக்க ஏறத்தாழ 25 நிமிஷம். வெளியூர் நம்பர் என்றால் அத்தனை நிமிஷத்துக்கும் எஸ்.டி.டி. கட்டணம் மாதிரி மீட்டர் ஓடும்.

ஃபைலைப் பாதியாகச் சுருக்கினால் போன் பில்லும் பாதி. சுருக்குகிறவன்தான் ராஜா.

1985ல் அந்த ராஜா, நியூஜெர்ஸியில் இருந்த தாம் ஹெண்டர்ஸன். அவருடைய எஸ்.இ.ஏ. என்கிற சிறு நிறுவனம் ‘ஆர்க்’ என்றொரு சாஃப்ட்வேர் வெளியிட்டிருந்தது. பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டும், கட்டும்போதே சுருக்கும். போர்டுகள் எல்லாவற்றிலும் ஆர்க் மயம். நிரலின் மூலத்தையும் ஹெண்டர்ஸன் ஒளித்துவைக்கவில்லை. பார்க்க விரும்பியவர்கள் பார்க்கலாம்.

காட்ஸ் பார்த்தார். இதை இன்னும் வேகமாகச் செய்யலாமே என்று தோன்றியது. முக்கியமான பகுதிகளைக் கம்ப்யூட்டரின் தாய்மொழிக்கு மிக நெருக்கமான அஸெம்ப்ளியில் எழுதினார். ‘பிகேஆர்க்’ பிறந்தது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டால் வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது. மக்கள் கொத்துக் கொத்தாகக் கட்சி மாறினார்கள். 1986ல் பிகேவேர் என்று சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். ஷேர்வேர் முறை. முதலில் பயன்படுத்திப் பார், பிடித்திருந்தால் பணம் அனுப்பு. கல்லாவைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிற வியாபாரம்தான். ஆனாலும் செக்குகள் வந்தன. அம்மாவும் கூட இருந்து கம்பெனியைக் கவனித்துக்கொண்டார்.

எஸ்.இ.ஏ. சும்மா இருக்குமா? 1988ல் கேஸ் போட்டது. என் நிரலைக் காப்பியடித்தார், என் ‘ஆர்க்’ பெயரையும் எடுத்துக்கொண்டார் என்பது புகார்.

நான் படித்தது பி.காம். எங்கள் வகுப்பில் பேலன்ஸ் ஷீட்டைக் காப்பியடித்தால் வாத்தியார் எப்படிக் கண்டுபிடிப்பார் தெரியுமா? கூட்டல் சரியாக இருந்தால் கண்டுபிடிக்க முடியாது. சரியான விடை எல்லோருக்கும் ஒன்றுதானே? இரண்டு பேர் நோட்டிலும் ஒரே வரியில் ஒரே தப்பு இருந்தால்தான் மாட்டுவோம். காட்ஸும் அப்படித்தான் மாட்டினார். நிபுணர் ஒருவர் இரண்டு நிரல்களையும் வைத்து ஒப்பிட்டார். நடுநடுவே ஹெண்டர்ஸன் எழுதிவைத்த விளக்கக் குறிப்புகள், அதிலிருந்த ஸ்பெல்லிங் தப்புகள் உட்பட, காட்ஸின் நிரலிலும் இருந்தன.

சில மாதங்களில் சமரசம். தப்பை ஒப்புக்கொள்ளும் வாசகம் எதுவும் இல்லாமல், பழைய ராயல்டிக் கணக்கில் 22,500 டாலர், வழக்குச் செலவுக்கு 40,000 டாலர் பிகேவேர் கொடுத்தது. ஆர்க் வகை மூட்டைகளைக் கட்டும் சாஃப்ட்வேர் விற்பதையும் நிறுத்தியாக வேண்டும்.

சட்டப்படி ஜெயித்தது எஸ்.இ.ஏ. ஊர் அபிப்பிராயம் நேர் எதிராகப் போனது. தனியாளை ஒரு பெரிய கம்பெனி நசுக்குகிறது என்று போர்டுகளில் ஒரே கூச்சல். உண்மையில் எஸ்.இ.ஏ.வும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்து நடந்த கடைதான். அதை யார் கேட்டார்கள்? சனங்களுக்குக் காட்ஸ் ஹீரோ, ஹெண்டர்ஸன் வில்லன். யாருடைய உழைப்பு முதலில் எடுக்கப்பட்டது என்பது அந்தக் கூச்சலில் காணாமல் போனது.

*

ஹீரோ என்ன செய்தார்? ஆர்க்கைத் தொட முடியாது. ஆகவே புதிதாக ஒரு மூட்டை முறையை உண்டாக்கினார். பெயர் ஸிப். ‘சட்டென்று பாய்வது’ என்ற அர்த்தத்தில் ஒரு நண்பர் சொன்ன பெயர். 1989ம் வருஷ ஆரம்பத்தில் ‘பிகேஸிப்’ வெளியானது.

கூடவே ஒரு சாதாரண எழுத்து ஃபைல். ஸிப் மூட்டைக்குள் எந்த இடத்தில் எது இருக்கும், எந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று வரி வரியாக அதில் எழுதியிருந்தது. பிப்ரவரியில் பகிரங்க அறிவிப்பும் வந்தது: இந்த மூட்டை முறை பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் ஸிப் கட்டலாம், பிரிக்கலாம், ஸிப் என்றே பெயர் சூட்டலாம். கேட்க வேண்டாம், பணம் தர வேண்டாம்.

கவனியுங்கள். அவர் தன்னுடைய சாஃப்ட்வேரை இலவசமாக்கவில்லை. அதை விற்றார், நன்றாகவே சம்பாதித்தார். இலவசமாக்கியது மூட்டையின் இலக்கணத்தை. அடுப்பு அவருடையது, சமையல் குறிப்பு ஊருக்கு.

இது தர்மமா, கோபமா, வியாபாரத் தந்திரமா? மூன்றும் கலந்திருக்கலாம். ஒரு முறையை ஒருத்தர் பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்று அப்போதுதான் 62,500 டாலர் கொடுத்துக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். காட்ஸ் ஒன்றும் மகாத்மா இல்லை. பின்னால், சுருக்கும்போது வேகமாகத் தேடுகிற ஒரு வழிக்கு 1991ல் பேடண்ட்டும் வாங்கிக்கொண்டார். ஆனால் மூட்டை திறந்தே இருந்தது.

*

சுருக்குவது என்றால் என்னதான் செய்கிறார்கள்?

பழைய கணக்கு நோட்டோ, கிரயப் பத்திரமோ பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரு ஆளின் பெயர், தகப்பனார் பெயர், கதவிலக்கம், தெரு எல்லாம் முதல் தடவை முழுசாக எழுதுவார்கள். அடுத்த தடவை? ‘மேற்படியார்’. ஒரே சொல். வேலை முடிந்தது.

1977ல் இஸ்ரேலின் ஹைஃபா நகரத்து டெக்னியன் கல்வி நிலையத்தைச் சேர்ந்த ஆப்ரஹாம் லெம்பெல், யாக்கோப் ஸிவ் இருவரும் இந்த ‘மேற்படி’யைக் கணிதமாக்கினார்கள். ஏற்கெனவே வந்த துண்டு மறுபடி வந்தால் அதைத் திரும்ப எழுதாதே. ‘இத்தனை எழுத்து பின்னால் போ, அங்கிருந்து இத்தனை எழுத்து எடுத்துக்கொள்’ என்று இரண்டு எண்ணை மட்டும் எழுது.

இன்னொரு தந்திரம் அதைவிடப் பழையது. 1951ல் எம்.ஐ.டி. மாணவர் டேவிட் ஹஃப்மன், பரீட்சைக்குப் பதிலாக எழுதிய கட்டுரையில் கண்டுபிடித்தது. அடிக்கடி வரும் எழுத்துக்குக் குட்டிக் குறி, அபூர்வமாக வருவதற்கு நீளக் குறி. மொத்தத்தில் இடம் மிச்சம்.

காட்ஸ் இரண்டையும் பக்குவமாகச் சேர்த்தார். 1993ல் வந்த பிகேஸிப் 2.0ல் இந்தக் கலவை இருந்தது. பெயர் டிஃப்ளேட். காற்றைப் பிடுங்கிவிடுவது. 32,768 பைட் தூரம் வரை பின்னால் திரும்பிப் பார்க்கும். ஒரே ‘மேற்படி’யில் 258 பைட் வரை அடக்கும். எடுத்த துண்டுகளை ஹஃப்மன் குறிகளால் இன்னும் இறுக்கும். 1996ல் இந்த முறை ஓர் இண்டர்நெட் ஆவணமாகவே எழுதி வைக்கப்பட்டது. யாருடைய பேடண்ட்டையும் மிதிக்காமல் இதை எழுத முடியும் என்பதையும் அந்த ஆவணம் சொல்லிவிட்டது.

அந்த ஒரு வாக்கியத்தின் மதிப்பு தெரிய வேண்டும் என்றால் பக்கத்து வீட்டுக் கதையைப் பார்க்கவேண்டும். ஜிஃப் படங்கள் எல்லோருக்கும் பழக்கம். அவற்றுக்குள் இருந்தது எல்.இஸட்.டபிள்யூ. என்கிற வேறொரு சுருக்கும் முறை. அதன் பேடண்ட் யூனிஸிஸ் கம்பெனியிடம் இருந்தது. பல வருஷம் உலகமே ஜிஃப் பயன்படுத்திப் பழகியபிறகு, 1994 டிசம்பரில் ‘ஜிஃப் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் உரிமக் கட்டணம் கட்டவேண்டும்’ என்று அறிவிப்பு வந்தது. அதிர்ந்துபோன புரோகிராமர்கள் ஒன்றுகூடி ஒரு மாற்றுப் பட முறை செய்தார்கள். பி.என்.ஜி. அதற்குள் அவர்கள் வைத்த எஞ்ஜின்? டிஃப்ளேட்.

ரார் கதையும் இதே மாதிரி. ரஷ்யாவின் யூஜீன் ரோஷல் 1993ல் கொடுத்தது. நன்றாகச் சுருக்கும். பிரிக்கும் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதை வைத்து ரார் கட்டும் வித்தையைத் திரும்ப உருவாக்கக்கூடாது என்பது நிபந்தனை. அது அவருடைய சொத்து, அவருடைய இஷ்டம். ஆனால் வெப்சைட்டுகள் ஏன் உங்களுக்கு ஸிப்பாகவே கட்டித் தருகின்றன என்பதற்கு பதில் இதில் இருக்கிறது.

*

திறந்த வீட்டுக்குள் பலர் நுழைந்தார்கள். இன்ஃபோ-ஸிப் என்ற தன்னார்வலர் குழு ஸிப்பை மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் கொண்டுபோனது. ஜான்-லூப் கேயி, மார்க் ஆட்லர் என்ற இருவர் 1995ல் ‘ஸெட்லிப்’ என்று ஒரு நிரல் தொகுப்பை உலகத்துக்குச் சும்மா கொடுத்தார்கள். காட்ஸின் டிஃப்ளேட்டை அவர்கள் தங்கள் கையால் எழுதியது. விண்டோஸ் வந்தபோது மவுஸால் கிளிக் பண்ணி ஸிப் கட்டும் சந்தையைப் பிடித்ததும் வேறொருவர்தான். வின்ஸிப்.

விலாசம் கொடுத்தவர் வீட்டில் என்ன நடந்தது?

நன்றாக இல்லை. பணம் வந்தது, கம்பெனி நடந்தது. காட்ஸ் மட்டும் அலுவலகப் பக்கம் வருவது குறைந்தது. குடி முற்றியது. சொந்த வீடு குப்பை மேடாகிக் கிடக்க, மலிவான விடுதிகளில் தங்கினார். 2000ம் வருஷம் ஏப்ரல் 14ம் தேதி மில்வாக்கியில் ஒரு விடுதி அறையில் இறந்து கிடந்தார். பக்கத்தில் காலி மது பாட்டில்கள். நாள்பட்ட குடி உள்ளே செய்த சேதம்தான் காரணம்.

அன்றைக்கு உலகத்தில் ஓடிய கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் அவருடைய இனிஷியல் இருந்தது. பார்த்தவர்கள் சொற்பம்.

*

மறுபடி பிரவுஸருக்கு வருவோம்.

பிரவுஸர் என்பது அடிப்படையில் ஒரு வாசகன். பக்கத்தை வாங்கும், காட்டும். உங்கள் டிஸ்க்கில் இருக்கிற ஃபைலை ஒரு வெப்சைட் படிக்கவோ, புதிதாக ஒன்று செய்து உங்கள் கையில் கொடுக்கவோ ரொம்ப நாள் வழியே இல்லை. அது பாதுகாப்புக்காக. 2010ஐ ஒட்டிய வருஷங்களில்தான், நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஃபைலை மட்டும் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் படிக்கலாம் என்ற வசதி பிரவுஸர்களில் பரவியது.

வழி திறந்ததும் மூட்டை கட்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள். ‘ஜேஎஸ்ஸிப்’ என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு 2009ம் வருஷத்தில் தொடங்கியது. ஸெட்லிப்பை அப்படியே ஜாவாஸ்கிரிப்ட்டில் பெயர்த்த ‘பாகோ’ பின்னால் வந்தது. ஜேஎஸ்ஸிப்புக்குச் சுருக்கும் வேலையைச் செய்து கொடுப்பது அதுதான்.

பட்டனை அமுக்கினால் நடப்பது இவ்வளவுதான். ஃபைல் ஒவ்வொன்றும் மெமரிக்கு வரும். டிஃப்ளேட் அதைச் சுருக்கும். வழியில் ஏதும் கெட்டுப்போனால் தெரிவதற்கு ஒரு சரிபார்ப்பு எண் போடப்படும், பேரேட்டில் பக்கக் கூட்டுத்தொகை போடுகிற மாதிரி. ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்னால் ஒரு சீட்டு. எல்லாம் முடிந்து கடைசியில் மொத்தத்துக்கும் ஒரு பொருளடக்கம்.

பொருளடக்கம் கடைசியிலா? ஆமாம், அதுவும் காட்ஸ் காலத்து ஏற்பாடு. ஃபிளாப்பியில் எழுதிக்கொண்டே போகலாம். என்னென்ன எழுதினோம் என்ற கணக்கை முடிவில் வைத்தால் போதும். முன்னால் திரும்பி வந்து திருத்தவேண்டியதில்லை. பிரவுஸருக்கும் இதே சௌகரியம் பிரமாதமாகப் பொருந்திவிட்டது. மொத்தம் எவ்வளவு வரும் என்று தெரியாமலேயே கட்ட ஆரம்பிக்கலாம்.

காட்ஸ் காலத்து அசௌகரியங்களும் கூடவே வந்தன. 4 ஜிபி, 65,535 ஃபைல் என்பது பழைய ஸிப்பின் எல்லை. 2001ல் பிகேவேர் விரித்துக் கொடுத்தது. ஃபைல் பெயர்களுக்குப் பழைய ஐபிஎம் எழுத்து வரிசைதான் விதி. அதில் தமிழ் ஏது? யூனிகோடில் பெயர் இருக்கிறது என்று சொல்ல ஓர் அடையாளம் 2006ல்தான் விதிமுறையில் சேர்ந்தது. அந்த அடையாளத்தை மதிக்காத சாஃப்ட்வேரில் பிரித்தால் ‘பத்திரம்’ என்று நீங்கள் வைத்த பெயர் பேய் பிடித்த மாதிரி வரும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பி.என்.ஜி. படம் காட்டவும், சுருக்கி வருகிற பக்கங்களை விரிக்கவும் பிரவுஸர்களுக்குள் டிஃப்ளேட் எஞ்ஜின் ரொம்ப வருஷமாகவே இருந்தது. ஆனால் வெப்சைட்டுகளின் ஜாவாஸ்கிரிப்ட் அதைத் தொட முடியாது. அதனால் உள்ளே இருக்கிற அதே எஞ்ஜினின் இன்னொரு பிரதியை ஒவ்வொரு தளமும் தன் பக்கத்தோடு அனுப்பிக்கொண்டிருந்தது. கிணற்றுக்குப் பக்கத்தில் தண்ணீர் லாரி. 2020ல் குரோம் அந்தக் கிணற்றைத் திறந்துவிட்டது. 2023ல் சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் திறந்தன. ஆனால் அது சுருக்கித் தரும், அவ்வளவுதான். சீட்டு ஒட்டி, பொருளடக்கம் எழுதி, ஸிப் மூட்டையாகக் கட்டும் வேலையை இன்னும் தளத்தின் நிரல்தான் செய்தாகவேண்டும்.

அந்த நிரலை எழுதுகிறவர் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. 1989ல் ஒரு மனிதர் வெளியிட்ட குறிப்பின் வளர்ந்த வடிவத்தைத் திறந்து வைத்துக்கொள்கிறார், எழுதுகிறார், முடித்துவிடுகிறார். உங்கள் ஆதார் நகல் வீட்டுக்குள்ளேயே மூட்டையாவது அதனால்தான்.

அடுத்த தடவை பிரவுஸரில் மூன்று ஃபைல்களை ஸிப் செய்தால், வந்து விழுந்ததை நோட்பேடில் திறந்து தேடிப் பாருங்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்னால் ஒரு பி.கே. கடைசிப் பொருளடக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் மறுபடி ஒரு பி.கே. எல்லாவற்றையும் மூடும் இடத்தில் இன்னொன்று. குறைந்தது ஏழு இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்.